அளவெடுத்த நாற்காலி, பழகிய கை

கையால் ஓட்டும் சக்கர நாற்காலியின் பின்சக்கரங்களை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைப் பிரேக் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஓடுகிற நாற்காலியை நிறுத்துவது அதன் வேலையே இல்லை. நெம்புகோலைத் தள்ளினால் ஒரு உலோகக் கட்டை டயரின் மேல் அழுந்தி, நிற்கிற நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சரிவில் வேகமாக இறங்கும்போது பதறிப்போய் அதைப் போட்டால், எந்தப் பக்கம் முதலில் பிடிக்கிறதோ அந்தப் பக்கமாக நாற்காலி சுற்றிவிடும். அல்லது சட்டென்று நின்று, உட்கார்ந்திருப்பவரை முன்னால் தூக்கிப் போட்டுவிடும். டயரில் காற்று இறங்கியிருந்தால் கட்டைக்குப் பிடிமானம் போதாது. அப்போது பிரேக் போட்டிருந்தாலும் நாற்காலி நழுவும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறவர், உடம்பைப் பாதி தூக்கிய நேரத்தில் அது பின்னால் நகர்ந்தால் தரையில்தான் விழுவார். நாற்காலியை ஒப்படைக்கும்போதே இதைச் சொல்லி, ஒருமுறை செய்தும் காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் நம் ஊரில் எத்தனையோ பேருக்குக் கிடைப்பதில்லை. நாற்காலியில் இருப்பவரும் தள்ளுகிறவரும் கவனமாக இருந்தால் போதும், விபத்து வராது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கவனம் வேண்டியதுதான். ஆனால் அந்த உடம்புக்கு அளவெடுத்து நாற்காலி தரப்பட்டதா, அதை ஓட்டக் கற்றுத் தந்தார்களா, பழுது பார்க்க ஆள் இருக்கிறதா என்பவைதாம் அதைவிட முக்கியம் என்பது என் வாதம்.

உலகில் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நாட்டைப் பொறுத்து அவர்களில் 5 முதல் 35 சதவீதம் பேருக்கே அது கிடைக்கிறது. இந்தப் பற்றாக்குறையைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, எப்படியாவது நாற்காலிகளை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான். ஆனால் கிடைத்தவர்களின் கதி என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் மட்டும், சக்கர நாற்காலி தொடர்பான காயங்களுக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். குழந்தையானாலும் முதியவரானாலும் பெரும்பாலான காயங்களுக்குக் காரணம், நாற்காலி கவிழ்ந்ததோ அதிலிருந்து விழுந்ததோதான். தைவானில் வெளியே நடமாடும் பயனாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கூர்மையான செய்தியைச் சொல்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு விபத்தையாவது சந்தித்திருந்தார்கள். நிபுணர் பார்த்து, அளவெடுத்துத் தராத நாற்காலியை வைத்திருந்தவர்களுக்கும், நாற்காலியை ஒழுங்காகப் பராமரிக்காதவர்களுக்கும் விபத்து வாய்ப்பு பல மடங்கு கூடுதலாக இருந்தது. யார் விழுகிறார்கள் என்பதை அஜாக்கிரதை மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருத்தமில்லாத, கவனிப்பாரற்ற நாற்காலிக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

இன்று நம் மருத்துவமனை வராந்தாக்களில் பார்க்கும் மடக்கு நாற்காலியின் வடிவம் 1930களில் அமெரிக்காவில் உருவானது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும், அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து, இருக்கைக்கு அடியில் பெருக்கல் குறிபோல இரண்டு சட்டங்களை வைத்து, காரில் மடித்து வைக்கக்கூடிய எஃகு நாற்காலியைச் செய்தார்கள். தன் நாற்காலியைக் காரில் எடுத்துக்கொண்டு போக விரும்பிய ஒருவரின் தேவையில் பிறந்தது அது. காலப்போக்கில் அதே சட்டகம், எல்லோருக்கும் ஒரே அளவு என்ற வடிவில், மருத்துவமனைத் தளவாடமாக மாறிவிட்டது. வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைவரை இன்னொருவர் தள்ளிக்கொண்டு போவதற்கு அது போதும். காலையில் உட்கார்ந்து இரவுவரை அதிலேயே வாழ்கிறவருக்குப் போதாது. இந்த இரண்டு தேவைகளையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். உறவினருக்குக் கால் முறிந்து ஆறு வாரம் ஓய்வெடுக்கிறார் என்றால் மருந்துக்கடை அருகே வாடகைக்குக் கிடைக்கும் நாற்காலி சரி. தண்டுவடம் அடிபட்டவருக்கும், இளம்பிள்ளை வாதம் வந்தவருக்கும், பக்கவாதத்தில் ஒரு கை ஒரு கால் விழுந்தவருக்கும் அதையே கொடுப்பது, பார்வையைப் பரிசோதிக்காமல் கைக்கு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவதற்குச் சமம்.

அளவு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உட்கார்ந்தவரின் இடுப்புக்கும் நாற்காலியின் பக்கத் தகட்டுக்கும் இடையே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்க முடிந்தால் அகலம் சரி. அதைவிட அகன்றிருந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சக்கரத்தை எட்டக் கைகளை விரிக்க வேண்டியிருப்பதால் தோள் நோகும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இருக்கை அதைவிட ஆழமாக இருந்தால் விளிம்பு கெண்டைக்காலை அறுக்கும்; அதைத் தவிர்க்க அவர் முன்னால் சறுக்கி உட்காருவார்; உடம்பின் பாரம் முழுவதும் வால் எலும்பில் இறங்கும். முன்னால் சறுக்கிக்கொண்டே போகிறாரே என்று வீட்டில் துண்டையோ பழைய சேலையையோ வைத்து வயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுவதும் நடக்கிறது. இது ஆபத்து. சறுக்கும் உடம்பை அந்தக் கட்டு நிறுத்தாது. அது மார்புக்கும் கழுத்துக்கும் ஏறி மூச்சை அடைக்கும். பட்டை தேவை என்றால் தொடை இடுப்போடு சேரும் இடத்தில் விழும்படியான இடுப்புப் பட்டைதான் வேண்டும். அதற்கும் முன்னால் இருக்கையின் ஆழத்தையும் கால்தாங்கியின் உயரத்தையும் திருத்த வேண்டும். கால்தாங்கி மிக உயரத்தில் இருந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு, பாரமெல்லாம் பிட்டத்துக்குப் போகும். மிகத் தாழ்ந்திருந்தால் பாதம் தொங்கும், வேகத்தடையில் கால்தாங்கியே இடிக்கும். தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி ஏறக்குறைய பின்சக்கர அச்சைத் தொடுமளவுக்குச் சக்கரம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அளவு நாடா ஒன்று, தெரிந்த கை ஒன்று, அரைமணி நேரம். இவ்வளவே போதும்.

விழுவது கண்ணுக்குத் தெரிகிற விபத்து. கண்ணுக்குத் தெரியாத விபத்து இன்னொன்று உண்டு. அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு, உட்காரும் எலும்புகளுக்கு அடியில் தோல் நசுங்குவது தெரியாது. நமக்கெல்லாம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே மரத்துப்போய், நம்மை அறியாமல் புரண்டு உட்காருகிறோம். அந்த எச்சரிக்கை அவருக்கு வராது. சிவந்த தோல் கறுத்து, கறுத்தது புண்ணாகி, புண் எலும்புவரை போய், மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வைத்துவிடும். சீழ் பிடித்து இரத்தத்தில் கலந்தால் உயிரையும் எடுக்கும். ஆகவே குஷன் என்பது வசதிக்கான கூடுதல் பொருள் ஆகாது; அதுவும் நாற்காலியின் ஓர் உறுப்பு. குஷன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி ஒன்றை உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியில் கற்றுத் தருகிறார்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு, குஷனுக்கும் உட்காரும் எலும்புக்கும் நடுவே விரல் நுனிகளை நுழைக்க வேண்டும். விரலை மேலும் கீழும் சற்று அசைக்க முடிந்தால் நல்லது. அசைக்க முடியவில்லை, ஆனால் உருவ முடிகிறது என்றால் எச்சரிக்கை. விரல் நசுங்கிச் சிக்கிக்கொண்டால் அந்தக் குஷன் ஆபத்தானது. நல்ல குஷன் இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறையாவது பாரத்தை இறக்க வேண்டும். கைகளை ஊன்றி எழும்பி நாலைந்து வினாடியில் உட்கார்ந்துவிடுவதில் பயனில்லை. நசுங்கிய திசுவுக்குள் உயிர்வளி பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகிறது என்று பிரிட்டனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் கைகளால் உடம்பைத் தூக்கிப் பிடிக்கப் பெரும்பாலோரால் முடியாது. நெஞ்சு தொடையை நெருங்க முன்னால் குனிந்தோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கத்தை விடுவித்தோ இருந்தால் தோளுக்கும் சேதமில்லை. குளிக்கும் நேரத்தில் கைக்கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலைப் பார்த்துவிடுவது தினசரிப் பழக்கமாக வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த நாற்காலியின் இரும்புச் சட்டமும் ரெக்சின் இருக்கையும் கொதிக்கும். உணர்ச்சியற்ற தொடை அதில் பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மடியில் சூடான காபி டம்ளரை வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தள்ளுவதும் அப்படித்தான்.

இனி ஓட்டும் வித்தை. நாற்காலி பின்னால் கவிழுமா, முன்னால் கவிழுமா என்பதை உடம்பின் எடை எங்கே விழுகிறது என்பதும், சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முடிவு செய்கின்றன. பின்சக்கர அச்சை முன்னால் கொண்டுவந்தால் தள்ளுவது இலேசாகும். அதே அளவுக்குப் பின்னால் சாயவும் தயாராக இருக்கும். இரண்டு கால்களையும் இழந்தவருக்கு முன்பக்கப் பாரம் குறைந்துவிடுவதால் அச்சைப் பின்னுக்குத் தள்ளியே வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் சாதாரண நாற்காலியைக் கொடுத்தால் முதல் சரிவிலேயே மல்லாந்துவிடுவார். கைப்பிடியில் மாட்டிய காய்கறிப் பையும் இதே வேலையைச் செய்யும். சரிவில் ஏறும்போது முன்னால் குனிய வேண்டும், இறங்கும்போது முதுகைச் சாய்த்து, சக்கரத்தைத் தள்ளும் வளையத்தை உள்ளங்கைகளுக்கு இடையே வழுக்கவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தரையில் விழுந்த பொருளை எடுக்கக் குனிகிறவர் முதலில் நாற்காலியைச் சற்றே பின்னால் நகர்த்த வேண்டும். அப்போது சிறிய முன்சக்கரங்கள் சுழன்று முன்னோக்கி நிற்கும். நாற்காலியின் அடித்தளம் சில அங்குலம் நீளும். குப்புறக் கவிழும் வாய்ப்பு குறையும். பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் யாரும் சொல்லித் தராமல் தானாகத் தோன்றாது. இறங்கவோ ஏறவோ கால்தாங்கியின் மேல் மிதிப்பதும் அத்தகையதே. உடல் எடை முழுவதும் முன்சக்கரங்களைத் தாண்டி விழுவதால் நாற்காலி அப்படியே குடை சாயும். கால்தாங்கியை மடக்கிவிட்டு, பாதம் தரையில் பட்ட பிறகுதான் எழ வேண்டும். தள்ளும் முறையிலும் படிப்பு இருக்கிறது. கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்னத் தள்ளல்களாக இல்லாமல், நீளமாக, நிதானமாகத் தள்ளி, கையை வளையத்துக்குக் கீழாகத் தளர்த்திக் கொண்டுவர வேண்டும் என்று தண்டுவடக் காயத்துக்கான அமெரிக்க மருத்துவ வழிகாட்டி 2005இலேயே சொன்னது. நடக்க முடியாதவருக்குத் தோள்தான் கால். அது தேய்ந்தால் நாற்காலியே பயன்படாமல் போகும்.

நாற்காலியைத் தள்ளுகிறவருக்கும் இதே அளவு பயிற்சி வேண்டும், அவரை நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். வாசலில் அரை அங்குல மேடு இருந்தால் போதும். சிறிய முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும், தள்ளிய வேகத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் போவார். மேட்டின் அருகே வந்ததும் நின்று, பின்புறம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காலால் மிதித்து, முன்சக்கரங்களைத் தூக்கி மேட்டில் வைத்துப் பிறகு தள்ள வேண்டும். செங்குத்தான சரிவில் நாற்காலியைத் திருப்பி, பின்னோக்கியே இறக்க வேண்டும். படிகளில் தூக்க நேர்ந்தால் கைதாங்கியையும் கால்தாங்கியையும் பிடிக்கவே கூடாது, அவை பலவற்றில் கழன்று வருபவை. சட்டகத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் சக்கரக் கம்பிக்குள் போகாமல் மடியில் செருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், "தள்ளட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காமல் பின்னாலிருந்து ஒருவர் தள்ளும்போது, சக்கர வளையத்தில் இருக்கும் விரல் நசுங்குகிறது. தயாராக இல்லாத உடம்பு சாய்கிறது.

நாற்காலியின் உடம்பையும் கவனிக்க வேண்டும். தலைமுடியும் நூலும் முன்சக்கர அச்சில் சுற்றி, அது சுழலாமல் இழுத்துக்கொண்டே போகும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று போல்ட்டுகளைத் தின்னும். வாரம் ஒருமுறை காற்று பார்த்து, முடியை எடுத்து, தளர்ந்த திருகை இறுக்கி, பிரேக் பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்க்கப் பதினைந்து நிமிடம் ஆகும். நம்மிடம் இதற்கு ஒரு பெரிய செல்வம் இருக்கிறது. பெரும்பாலான சாதாரண நாற்காலிகளின் டியூபும் டயரும் கம்பிகளும் சைக்கிள் கடைக்காரருக்குப் பழகியவை. தெருமுனைக் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவார், கம்பியை நெறிப்படுத்துவார், சக்கரத்தின் கோட்டம் எடுப்பார். இந்தக் காரணத்துக்காகவே, நாற்காலி வாங்கும்போது உள்ளூரில் உதிரிபாகம் கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த பளபளப்பான நாற்காலி, ஒரு சிறு முன்சக்கரம் உடைந்ததால் மூலையில் கிடப்பது எந்த ஊருக்கும் புதிதாக இருக்காது.

இவ்வளவும் சொன்னால் எழும் முதல் மறுப்பு நியாயமானதே. தரையில் தவழ்ந்துகொண்டிருப்பவரிடம் போய் அளவு, குஷன், பயிற்சி என்று பேசலாமா, ஏதாவது ஒரு நாற்காலி கிடைத்தால் போதாதா? தவழ்வதைவிட நாற்காலி மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருந்தாத நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் புண் வந்து படுத்துவிட்டால், அவர் தவழ்ந்த காலத்தைவிட மோசமான நிலைக்கு வந்துவிடுகிறார். அவர் குடும்பமோ சம்பளத்தை விட்டு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிறது. பயன்படாமல் போன நாற்காலியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மலிவானது எது என்பது தெளிவாகும். உலக சுகாதார நிறுவனம் 2008இல், குறிப்பாக வசதி குறைந்த நாடுகளுக்கென்றே எழுதிய வழிகாட்டியில், நாற்காலியை வழங்குவதை எட்டுப் படிகளாக வகுத்தது. பரிந்துரையில் தொடங்கி, மதிப்பீடு, பொருத்திப் பார்த்தல், பயனாளிக்குப் பயிற்சி, பிந்தைய பராமரிப்புவரை அது செல்கிறது. நிதி ஒதுக்கீடும் பொருளை வரவழைத்தலும் அந்த எட்டில் ஒரே ஒரு படி. நம் விழா மேடைகள் அந்த ஒரு படியோடு முடிந்துவிடுகின்றன.

அடுத்த மறுப்பு, இதையெல்லாம் செய்ய நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது. சிக்கலான உடல்நிலைக்கு நிபுணர்தான் வேண்டும். ஆனால் தானாக நிமிர்ந்து உட்காரக்கூடியவருக்கு அடிப்படை அளவெடுத்துப் பயிற்சி தர, கிராமச் சுகாதாரப் பணியாளர் ஒருவரை ஏறத்தாழ ஒரு வாரப் பயிற்சியில் தயார் செய்ய முடியும். அதற்கான பாடத்தொகுப்பை உலக சுகாதார நிறுவனமே 2012இல் இலவசமாக வெளியிட்டுவிட்டது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மருத்துவர் லீ கர்பி குழுவினர் உருவாக்கிய சக்கர நாற்காலித் திறன் பயிற்சியும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகளில், பயிற்சி பெற்றவர்களின் திறன் பெறாதவர்களைவிடத் தெளிவாக உயர்ந்தது. நம் மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அங்கே அந்தத் துறையை வளர்த்தார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வில் இறங்கியது. இருவருமே நாற்காலியில் வாழ்ந்து அறிந்தவர்கள். நன்றாக ஓட்டத் தெரிந்த பயனாளியைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. அவரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக்குவதுதான் பற்றாக்குறைக்கு விரைவான தீர்வு. கருவியின் பக்கமும் வழி திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்தில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவிலிருந்து, ஒவ்வொருவர் உடல் அளவுக்கும் ஏற்பத் தயாராகும் 'நியோஃப்ளை' நாற்காலி வந்திருக்கிறது. அளவெடுத்த நாற்காலி என்பது இனி மேலைநாட்டுச் சொகுசு என்று சொல்ல முடியாது.

பாதுகாப்பை மிக அக்கறையோடு பேசுகிறவர்களிடமிருந்துதான் கடினமான மறுப்பு வருகிறது. முன்சக்கரங்களைத் தூக்கிப் பின்சக்கரங்களில் நிற்கக் கற்றுக்கொடுப்பது வீண் துணிச்சல்; பின்னால் கவிழாதபடி குட்டிச் சக்கரங்களைப் பொருத்திவிட்டு, வீட்டோடு இருக்கச் சொல்வதே நல்லது என்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தக் குட்டிச் சக்கரங்கள் அவசியமே. ஆனால் அவற்றோடு சாக்கடை மூடியையும் நடைபாதை விளிம்பையும் தாண்ட முடியாது. நம் தெருவில் பத்தடிக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. முன்சக்கரத்தை அரை அங்குலம் தூக்கத் தெரியாதவர் ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்பார், அல்லது முட்டி விழுவார். நாற்காலியின் பின்புறம் கட்டிய பட்டையைப் பிடித்தபடி ஒருவர் நிற்க, மெத்தை விரித்த தரையில் இந்த வித்தையைப் பழகலாம். கூடவே விழவும் பழக வேண்டும். மல்லாந்து சாயும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் மோதாமல் காத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கையை ஊன்றப் போகக் கூடாது. முழங்கால் முகத்தில் இடிக்காமல் ஒரு கையால் தடுக்க வேண்டும். வீட்டுக்குள் அடைத்து வைப்பது விபத்தைத் தவிர்ப்பதாகத் தோன்றலாம். உட்கார்ந்த இடத்திலேயே வரும் புண்ணையும், தளரும் தசையையும், மனச்சோர்வையும் அது கூட்டவே செய்கிறது. வெளியே போகும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பெறும் பாதுகாப்பை நான் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டேன்.

சாலையும் கட்டடமும் மோசமாக இருக்கும்போது தனிமனிதரின் திறமையால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சாய்தளம் 1:12 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். நாமோ மூன்று படியின் மேல் நாலடிக்குச் சிமெண்டைச் சரித்துவிட்டு, சாய்தளம் வைத்தாயிற்று என்கிறோம். அதில் தனியாக ஏறப் பார்ப்பவர் மல்லாந்துதான் விழுவார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது; ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்றது. அணுகல் விதிகள் வெறும் அறிவுரையாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாய்தளத்துக்காகப் போராட வேண்டும். அதுவரை நாற்காலியில் இருப்பவரைப் பழக்கமில்லாமல் விட வேண்டிய அவசியம் இல்லை. தானே சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ், ஏழை நாடுகளின் கரடுமுரடான தெருக்களுக்காகவே 'ரஃப்ரைடர்' என்ற நாற்காலியை வடிவமைத்தார். முன்சக்கரங்களை நன்றாக முன்னால் தள்ளி வைத்ததால் அது எளிதில் குப்புறக் கவிழாது. தெரு சீராகும் நாளுக்காக அவர் காத்திருக்கவில்லை.

அரசிடமும் நன்கொடையாளர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசின் ஏடிஐபி திட்டம் 1981 முதல் நடக்கிறது. அரிமா சங்கங்களும் கோயில் அறக்கட்டளைகளும் வசதி படைத்த குடும்பங்களும் ஆண்டுதோறும் நாற்காலிகள் வழங்குகின்றன. அந்த நல்லெண்ணத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அடுத்த முறை பத்து நாற்காலிக்குப் பணம் திரட்டினால், ஏழு வாங்குங்கள். மீதிப் பணத்தில் ஏழு நல்ல குஷன் வாங்கி, ஒரு பிசியோதெரபிஸ்டை ஒரு நாள் அழைத்து அளவெடுக்கச் சொல்லி, நன்றாக ஓட்டத் தெரிந்த பயனாளி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு வாரம் கற்றுத்தர வைத்து, அந்த ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் ஓராண்டுப் பராமரிப்புக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அந்த ஏழு வீடுகளுக்கும் போய், நாற்காலி ஓடுகிறதா, தோல் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.